வாடகைக்குப் போன பச்சைச் சட்டை

அடியே,

நேற்றுக் காலையில் கீழ்வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் பையோடு மாடியேறி வந்தாள். அவள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டியாம். ராணுவ வீரன் வேஷம். போனிலேயே பார்த்து வரவழைத்திருக்கிறாள். இடுப்பு லூசாக இருக்கிறது, கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் ஆன்ட்டி என்றாள். பையைப் பிரித்ததும் புது டயர் நாற்றம் அடித்தது. பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாகப் போட்ட சட்டை, அதே துணியில் தொப்பி. மார்பில் ஒரு கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். ஏதாவது ஒரு பெயர் இருக்கட்டும் என்று கம்பெனிக்காரன் அச்சடித்துத் தைத்தது. யாரோ ஒரு சிங்.

இடுப்பைப் பிடிப்பதற்கு முன்னால் பிளேடை எடுத்து அந்தப் பட்டையைப் பிரித்துவிட்டேன். "ஐயோ ஆன்ட்டி, அது இருந்தாதானே பார்க்க நல்லா இருக்கும்" என்றாள். "குழந்தை போடுற சட்டைக்கு எதுக்கும்மா இன்னொருத்தன் பேரு" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். மாடிக்காரிக்கு மூளை பிசகிவிட்டது என்று இந்நேரம் புருஷனிடம் சொல்லியிருப்பாள். சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பட்டையை நான் ஏன் பிரித்தேன் என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். யாரிடம் சொல்ல? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஆவடி ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் நம் கடை. 'நாடகம், பள்ளி விழா உடைகள் வாடகைக்கு' என்று போர்டு. எண்பதுகளின் தொடக்கம் அது. தையல் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்த பழக்கத்தை நம்பி இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம். உன் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒரு லீவு. என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது நம் இரண்டு பேருக்குமே ஆகாது.

நாடகக் கம்பெனியை இழுத்து மூடிய ஒரு மனிதரிடம்தான் முதல் சரக்கை வாங்கினோம். பெட்டிகளை ஏற்றிவிடும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "மேடையில செத்து வுழுந்த துணிய அப்டியே மடிச்சு வெச்சுடாதீங்கம்மா. உள்பக்கத்த வெளிய திருப்பி ஒரு நாள் வெயில்ல போடுங்க. அப்பறமா அடுத்த ஆளுக்குக் குடுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குத் தவறாமல் போகிறவள் நான், இதையெல்லாம் கேட்பேனா? "வேர்வை நாத்தம் போறதுக்குச் சொல்றாருடி" என்றேன். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எந்தத் துணி திரும்பி வந்தாலும் உன் முதல் கேள்வி அதுதான். "இத்தப் போட்டவன் செத்தானா, பொழைச்சானா?" துணி கொண்டுவந்த வாத்தியார்கள் ஒரு நிமிஷம் அரண்டு போவார்கள். தூக்கு மேடை ஏறிய ராஜாவின் அங்கி, விஷம் குடித்த கதாநாயகியின் பாவாடை எல்லாம் கடைக்குப் பின்னால் கொடியில் தலைகீழாக, உள்தையல் தெரியத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த ஒற்றை அறைக்குள் இந்தியா முழுவதையும் தொங்கவிட்டிருந்தோம். எவ்வளவு ஏமாற்று வேலை. காஷ்மீர்க் குல்லாய் என்று நாம் கொடுத்தது குளியல் துண்டு. பஞ்சாபித் தலைப்பாகையை அட்டையில் சுற்றிக் கோந்து போட்டு வைத்திருந்தோம், தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கேரளப் புடவைக்கு ஓரத்தில் சிவப்பு ரிப்பன் வைத்தால் அஸ்ஸாம். ராஜஸ்தான் பாவாடையே கண்ணாடிச் சில்லை ஒட்டிக்கொண்டு மறுநாள் குஜராத்துக்குப் போகும். 'நாகரிக உடை' என்று டீச்சர்கள் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். அதற்கு ஒரு பெல்பாட்டம், ஒரு கோட்டு, எலாஸ்டிக் வைத்த டை. பெண் பிள்ளைகளுக்கு நாகரிகம் என்றால் சுடிதார். உன் வீட்டுக்காரர் வடக்கிலிருந்து லீவில் வரும்போது உனக்கென்றே ஒரு சுடிதார் வாங்கி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்கு மட்டும் போட்டுக் காட்டினாய். "வெள்ளானூர்ல எங்க மாமியா பாத்துச்சுன்னா இத்தாலயே என்னைச் சுத்தி ஏரில எறிஞ்சுடும்" என்று சொல்லிச் சிரித்தாய். சோக்காக இருந்தாய், பொய் சொல்லவில்லை.

மிலிட்டரி உடுப்பில்தான் நாம் தோற்றுப்போனோம். பழைய காக்கிச் சட்டைகளைப் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்து வைத்திருந்தோம். சோடா மூடியில் ஜிகினாத்தாள் சுற்றினால் பதக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும், அந்தச் சட்டைக்காக அடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் விடுவார்களா?

எண்பத்தேழில் உன் வீட்டுக்காரரின் படையைப் பக்கத்துத் தீவுக்கு அனுப்பினார்கள். சமாதானம் பண்ணத்தான் போகிறோம், சண்டைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் வந்த இன்லேண்ட் லெட்டர்களில் தென்னை மரத்தைப் பற்றியும் மீன் குழம்பைப் பற்றியும் எழுதினார். பிறகு வந்த ஒன்றை மிஷினை நிறுத்திவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினாய். அங்கே லுங்கிக்குச் சாரம் என்று பேராம். எதிரில் சாரம் கட்டிக்கொண்டு வருகிறவன் மீன் பிடிக்கிறவனா சண்டைக்காரனா என்று கண்டுபிடிக்க முடியவில்லை, எங்களை மட்டும் எல்லோருக்கும் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். நம் மாதிரியே தமிழ் பேசுகிற பிள்ளைகள் எங்கள் உடுப்பைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். கடைசியில், லீவில் வந்ததும் போட்டுக்கொள்ள ஒரு சபாரி தைத்து வை, பச்சையைத் தவிர எந்தக் கலராக இருந்தாலும் சரி.

நீ லெட்டரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பூந்தமல்லி போய் பிஸ்கட் கலரில் துணி வாங்கி வந்தாய். அன்றைக்கே வெட்டினாய்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்காரர்கள் பூஜைக்கு நாடகம் போடுகிறோம் என்று வந்தார்கள். எல்லைப்புறத்துக் கதை, கடைசிக் காட்சியில் கதாநாயகன் குண்டடி பட்டுச் சாகிறான். கதாநாயகன் லேத் ஓட்டுகிற ஏகாம்பரம், ஆள் வாட்டசாட்டம். நம் சாயம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "இன்னாக்கா இது, தபால்காரன் மாதிரி கீறேன். மணியார்டர் குட்த்துட்டு வரட்டுமா?" கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பட்டாளத்தான் பெண்டாட்டி கடையில் பட்டாளத்துச் சட்டை இல்லை என்றால் எப்படி இருக்கும்?

"இரு. வரேன்" என்று சொல்லிவிட்டு உன் பருத்திப்பட்டு வீட்டுக்குப் போய், அவர் விட்டுவிட்டுப் போன நிஜச் சட்டையை எடுத்து வந்தாய். கஞ்சி போட்டு மடித்தது, நாப்தலின் வாசனையோடு இருந்தது. ஏகாம்பரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அவர் பெயர் எழுதிய கறுப்புப் பட்டை பாக்கெட்டுக்குள் கிடந்தது. அதையும் எடுத்து நீயே அவன் மார்பில் மாட்டிவிட்டாய்.

"அது எதுக்குடி?" என்றேன்.

"இப்போ பாரு, மெய்யாலுமே மிலிட்டரிக்காரன் மாதிரி கீறான். ஒரு சாய்ங்காலத்துக்குத்தானே. இன்னா ஆயிடப் போவுது?"

அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும்.

பட்டறைக் கொட்டகையில் மிஷின்களை ஓரமாகத் தள்ளி மேடை போட்டிருந்தார்கள். லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, பொரி கடலை படைத்திருந்தது. நாம் இரண்டு பேரும் மேடை ஓரத்தில் ஊக்கும் ஊசி நூலுமாக நின்றோம். நாடகம் கேவலமாகத்தான் போனது. ஆனாலும் கூட்டம் ரசித்தது, எல்லாம் கூட வேலை செய்கிற ஆட்கள். கடைசிக் காட்சியில் ஏகாம்பரம் நன்றாகவே செத்தான். மேலதிகாரியாக நடித்தவர் பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர். மண்டியிட்டுக் கதாநாயகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இந்த மண் உன்னை மறக்காது என்று வசனம் பேச வேண்டும். மனுஷனுக்கு அந்தப் பெயர் மறந்துபோய்விட்டது. முழித்தார். திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தது அவர் காதில் ஏறவில்லை. குனிந்து பார்த்தார். மார்பில் ஒரு பெயர் இருந்தது. பஸ் போர்டு படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

மைக் கரகரத்தது. யாருக்கும் கேட்கவில்லை என்று பின்வரிசையில் சத்தம் போட்டார்கள். மைக்கைத் தட்டிச் சரிபண்ணிக்கொண்டு இன்னும் உரக்கக் கூப்பிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, வசனத்தில் இல்லாத வேலையாக, பக்கத்தில் இருந்த லேத்தின் சாமந்தி மாலையைக் கழற்றி அந்தச் சட்டையின் மேல் போட்டார். கொட்டகை முழுக்கக் கைதட்டல்.

நான் உன்னைப் பார்த்தேன். உன் வாயில் கடித்துக்கொண்டிருந்த ஊக்கை எடுக்கவே இல்லை நீ. அதோடேயே பேசினாய். "அவரு பேரைச் சொல்லிட்டான்டி."

"வசனம் மறந்து போச்சு அந்த ஆளுக்கு. அவ்வளவுதான். வா, துணியெல்லாம் எண்ணி எடுக்கலாம்" என்றேன்.

"மாலை வேற போட்டுட்டான்" என்றாய்.

அன்றைக்கே துணியை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நின்றோம். பூஜை முடிந்து சாப்பாடு நடக்கிறது, நாங்களே கொண்டுவந்து தருகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சுருட்டி எடுத்து வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சட்டையில் குங்குமக் கறையும் சாமந்தி இதழும் ஒட்டியிருந்தன. நீ அலசி, உள்பக்கத்தைத் திருப்பிக் கொடியில் போட்டாய். வெயில் வரவில்லை. அந்த ஐப்பசி மழை உனக்கு ஞாபகம் இருக்கும், ஆவடி முழுக்க முழங்கால் தண்ணீர். கொடியிலிருந்து எடுத்துக் கடைக்குள் போட்டாய், மறுபடி வெளியே போட்டாய். துணி ஊறிப்போய்ப் பூஞ்சை வாடை அடித்தது. இஸ்திரி போட்டுக் காயவைத்துவிடலாம் என்று சொன்னதற்கு என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாய். "பொட்டி சூடும் வெயிலும் ஒண்ணாடி?" என்றாய். காலையில் கடையைத் திறந்ததும் நீ முதலில் பார்த்தது வானத்தைத்தான்.

தீவில் சண்டை மூண்டுவிட்டது என்று ரேடியோவில் சொல்ல ஆரம்பித்தார்கள். லெட்டர் நின்றுபோனது. தபால்காரர் சந்துக்குள் நுழையும்போது நீ மிஷினை வேகமாக ஓட்டுவாய், அவர் தாண்டிப் போவது கேட்காமல் இருக்க. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், உன் வீட்டுக்காரர் அங்கேதானே இருக்கிறார் என்று விசாரித்தார்கள். நல்ல மனதோடு கேட்டவர்களையும் எனக்குச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. நீ மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாய். "நல்லா கீறாரு. சபாரி தெச்சுனு கீறேன்." சட்டைக் கையை மட்டும் இணைக்காமல் வைத்திருந்தாய். பட்டாளத்தில் உடம்பு இளைத்திருக்கும், ஆள் வந்த பிறகு தோள் அளவு பார்த்து மாட்டிக்கொள்ளலாம் என்று.

அவர்கள் வந்த அன்று மழை விட்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க நாடகத் துணி திரும்பி வந்துகொண்டே இருந்தது. நீ வாசலுக்கு முதுகைக் காட்டி மிஷினில் உட்கார்ந்திருந்தாய். நான் பின்னால் கொடிப்பக்கம் இருந்தேன். சந்தில் ஒரு ஜீப் நின்ற சத்தம் கேட்டது. பூட்ஸ் காலோடு யாரோ படியேறி உள்ளே வந்து நின்றார்கள்.

கொடியில் கிடந்த துணிகளுக்கு நடுவிலிருந்து நான் பார்த்தேன். இரண்டு பேர். மிலிட்டரிப் பச்சை, மடிப்புக் கலையாத உடுப்பு. நாம் எத்தனை தரம் சாயத்தில் முக்கினாலும் வராத பச்சை.

நீ திரும்பவில்லை. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். "ரிட்டனா? சட்டை பேண்ட்ட அந்தக் கூடையில போட்டுட்டுப் போங்க. தொப்பிய மட்டும் தனியா மேசை மேல வைங்க, நசுங்கிடும்."

முன்னால் நின்றவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. நரைத்த மீசை, அப்பா வயசு. ஏற்கெனவே கழற்றிக் கையில் வைத்திருந்த தொப்பியை, நீ சொன்னபடியே மேசை மேல் வைத்தார். நீ கையை மட்டும் பின்னால் நீட்டி, கிழிசல் இருக்கிறதா என்று தடவினாய். பிறகு கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாய்.

தொப்பி சூடாக இருந்தது என்று ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னாய். இப்போதுதான் ஒரு தலையிலிருந்து இறங்கிய சூடு. நாடகத் தொப்பி எதுவும் அப்படித் திரும்பி வந்தது கிடையாது.

நீ திரும்பினாய். அவர் உன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, "அவங்க சம்சாரம் நீங்கதானேம்மா?" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. கொடியை விட்டு ஓடிவந்து உன்னைப் பிடித்துக்கொண்டேன். நீ அழவில்லை. "கூடையில போடச் சொன்னேனேடி, கூடையில போடச் சொன்னேனே" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய்.

உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள் என்றார்கள். வெள்ளானூரிலிருந்து உறவுக்காரப் பெண்கள் திரண்டு வந்து உன்னை நடுவில் உட்காரவைத்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்து, கட்டியிருந்த புடவையை உருவிவிட்டு ஒரு வெளுத்த துணியைச் சுற்றினார்கள். நான் தடுக்கப் பார்த்தேன். "உங்க மதத்துல வேற மாதிரி இருக்கும், நீ கம்முனு இரும்மா" என்றாள் ஒருத்தி. கம்முனு இருக்கத்தான் வேண்டியிருந்தது.

பல நாள் கழித்து அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. அதை வீட்டில் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுவரச் சொன்னாய். நான் வந்து பார்த்தபோது அதிலிருந்த உடுப்பையெல்லாம் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் கொடியில் வரிசையாகப் போட்டுவிட்டு, நடுவில் நின்றுகொண்டிருந்தாய். அந்தத் தீவில் வாங்கிய சாரம் ஒன்றும் அதில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே சுள்ளென்று வெயில்.

"இப்போ அடிக்குது பாரு வெய்யிலு" என்றாய்.

"உள்ள வாடி."

"நான்தான் அனுப்ச்சேன். அவரு அங்க உயிரோட கீறப்பவே இங்க மாலை போட்டு, மைக்ல பேரைச் சொல்லி அனுப்ச்சிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபப்பட்டால்தான் உன்னை உள்ளே இழுக்க முடியும் என்று இருந்தது. "போடி பைத்தியக்காரி. நாடகத்துல செத்தா நெஜத்துல சாவாங்களா? அப்படிப் பார்த்தா நம்ம கடைத் துணிய போட்டவங்க எல்லாம் எப்பவோ போயிருக்கணும். ஏகாம்பரம் இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கான்" என்று கத்தினேன்.

"அவன் பேரைச் சொல்லலியே" என்றாய்.

மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியும், பாதிரியாரிடம் கேட்டும் பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று அவர் அழகாகத்தான் விளக்கினார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் பெயரை ஒரு துணியிலும் நான் எழுதவிட்டது இல்லை, சலவைக் குறிக்குக்கூட.

கடையை மூடிவிடுவாய் என்று நினைத்தேன். நீ ஒரு மாதம் கழித்து வந்து ஷட்டரைத் தூக்கினாய். வெள்ளானூர்க்காரர்கள் கட்டிவிட்ட வெளுத்த புடவையை நாலைந்து மாதம் கட்டினாய், பிறகு ஒருநாள் நீலத்தில் வந்து உட்கார்ந்தாய். சபாரிக்குக் கையை இணைத்து 'நாகரிக உடை' வரிசையில் மாட்டிவிட்டாய். எத்தனை நாடகத்தில் பட்டணத்து மாப்பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆனால் சாகிற வேஷத்துக்குத் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டாய். "சாவறதா இருந்தா வேற கடை பாத்துக்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாய். "யாரும் சாவாம எப்படிக்கா நாடகம் போடறது?" என்று பையன்கள் கெஞ்சுவார்கள். "கல்யாணம் பண்ணி வைங்கடா" என்பாய். அதில் வியாபாரம் பாதி போனது, நான் முணுமுணுத்ததும் உண்மை.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறிவிட்டது. சுடிதார் வேஷமாக இருந்த காலம் போய், டீச்சர்களே சுடிதாரில் வர ஆரம்பித்தார்கள். புடவையைத்தான் பிள்ளைகளுக்கு 'பாரம்பரிய உடை' என்று வாடகைக்குக் கேட்டார்கள். சுதந்திரப் பொன்விழா வருஷத்தில் பூந்தமல்லி ரோட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். புதுசு, சின்ன வயது. உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்தியாவின் உடைகள் என்று நிகழ்ச்சி. ஒவ்வொரு மாநிலமாக வந்து போகிறது, பிறகு முப்படை, பிறகு நாகரிக உடை. கடைசியில் ஒன்று வைத்திருந்தாள்.

"ஒரு போர் வீரரோட விதவை வர்றா. வெள்ளைப் புடவை, பொட்டு இல்லாம, தலைய விரிச்சுப் போட்டு. அதைப் பார்த்ததும் எல்லாரும் அழுதுடணும்" என்றாள்.

நான் கத்திரியைக் கீழே வைத்தேன். அவளை வெளியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்லலாம் என்று எழுந்தேன். நீ கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாய்.

"அந்தப் பொண்ண இட்டுனு வா டீச்சர். அளவு எடுக்கணும்" என்றாய்.

ஆறாம் வகுப்புப் பெண், பல்வரிசை எடுப்பு. அவளை நிற்கவைத்து நீயே கட்டிவிட்டாய். இலைப் பச்சையில் மஞ்சள் பூப்போட்ட புடவை. தலையைப் படிய வாரிப் பின்னிக் கனகாம்பரம் வைத்தாய், நெற்றியில் பெரிய பொட்டு, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். முந்தானையை இடுப்பில் செருகிவிட்டாய், வேலை செய்கிறவள் செருகுகிற மாதிரி. ஜாக்கெட்டில் ஒரு ஊக்கையும் மாட்டினாய்.

டீச்சருக்கு முகம் சுருங்கியது. "நான் வெள்ளை கேட்டேனே ஆன்ட்டி?"

"வெள்ளை அப்பறமா மத்தவங்க சுத்திவுடறது டீச்சர். சேதி வரப்போ அவ இப்டித்தான் இருப்பா."

டீச்சர் உன்னையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். என்ன புரிந்ததோ, குரல் இறங்கிப் போய்க் கேட்டாள், "அப்போ மேடையில இவ என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வாணாம். வாசலுக்கு முதுவ காட்டிகினு துணி மடிக்கட்டும். பின்னால பூட்ஸு சத்தம் வரட்டும். அவ்ளோதான். ஸ்கிரீனப் போட்டுடு."

விழாவுக்கு நாம் இரண்டு பேரும் போனோம். காஷ்மீரும் கேரளாவும் கோட்டு சூட்டும் கைதட்டல் வாங்கிப் போன பிறகு 'போர் வீரரின் மனைவி' என்று மைக்கில் சொன்னார்கள், அந்தப் பெண் மட்டும் மேடையில். துணியை எடுத்து உதறுகிறாள், மடிக்கிறாள், வைக்கிறாள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை, கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். பூட்ஸ் சத்தம் வந்தது. திரும்பக்கூடாது என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை மறந்துவிட்டது. பூட்ஸ் போட்டு வந்தது அவள் வகுப்புத் தோழி. யார் வருவது என்று திரும்பிப் பார்த்து, அந்த எடுப்புப் பல் எல்லாம் தெரியச் சிரித்தாள். திரை விழுந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு பெண்பிள்ளை வாய்விட்டு அழுதாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாய். "மைக்ல அந்தப் பொண்ணு பேரைச் சொன்னாங்களா?"

"இல்லடி."

"நல்லா கேட்டியா?"

"காதைத் தீட்டி வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். சொல்லல."

மூச்சு விட்டாய். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய். "கூடையில போட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன் பாரு, அந்த நிமிசம் வரைக்கும் எனக்கு அவரு உயிரோடதான் இருந்தாருடி. நான் திரும்பியிருக்கக் கூடாது."

அந்தப் பேச்சை அதற்குப் பிறகு நாம் எடுக்கவே இல்லை. கடையை விற்றோம், எனக்கு நரைத்தது, உனக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்துவிட்டு, ராத்திரி உன் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மறுநாள் காலையில் உனக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு நைட்டியைத் தைத்துக்கொண்டிருந்தேன், முன்பக்கம் திறக்கிற மாதிரி, ஊசி போட வசதியாக. கதவு திறந்திருந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உன் தம்பி மகன் நடை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியை விட்டு அந்த நேரத்தில் அவன் வரவேண்டியதில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்றான். "அத்தை" என்றான்.

நான் திரும்பவில்லை. மிஷினை மிதித்தேன். கழுத்துத் தையல் பாதியில் இருந்தது, சுற்றி வந்து முடித்தேன். கையை மாட்டினேன், ஒன்றை மாட்டிவிட்டு இன்னொன்றையும் மாட்டினேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். கீழ் மடிப்பையும் அடித்துவிட்டுத்தான் நூலை அறுத்தேன், அடியே. என்னால் முடிந்தமட்டும் நீளமாகத் தைத்தேன்.